ஒரே இணைப்பில் பல கணினிகள்

வீட்டுக்கு பிராட்பேண்ட் தரும் நிறுவனம் அந்த இணைப்புக்கென்று பொதுவாக ஒரே ஒரு ஐபி முகவரியைத்தான் கொடுக்கிறது. வீட்டிலோ இரண்டு லேப்டாப், நான்கு செல்பேசி, ஒரு ஸ்மார்ட் டிவி, மூலையில் ஒரு பிரிண்டர் என்று எட்டுக் கருவிகளாவது இருக்கும். இணையத்தில் எந்தத் தகவலும் முகவரி இல்லாமல் போய்ச் சேராது. முகவரி ஒன்று, கேட்பவர்கள் எட்டுப் பேர் என்கிற இந்தக் கணக்கைச் சமாளிப்பதுதான் இணைப்பைப் பகிர்வதில் முதல் வேலை. வேகத்தைப் பங்கிடுவது அடுத்த வேலை. வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். ஆனால் முதலாவது புரிந்தால்தான் இரண்டாவது புரியும்.

முகவரிப் பஞ்சம்

இன்றும் எல்லா வீடுகளிலும் புழங்கும் ஐபிவி4 முகவரி முறை 1981-இல் வரையறுக்கப்பட்டது. ஒரு முகவரிக்கு 32 பிட் என்று அப்போது ஒதுக்கினார்கள். அந்தக் கணக்கில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் தேறும். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே இணைந்திருந்த காலத்தில் அது அள்ள அள்ளக் குறையாத எண்ணிக்கையாகத் தெரிந்தது. பத்தே ஆண்டுகளில் நிலைமை மாறியது. இப்படியே வாரிக் கொடுத்தால் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று 1990-களின் தொடக்கத்திலேயே பொறியாளர்கள் கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

அதற்கு மாற்றாக கெல் எகேவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் 1994 மே மாதம் ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிகள் உள்ளூர் முகவரிகளை வைத்துக்கொள்ளட்டும். வெளியே போகும்போது மட்டும் வாசலில் இருக்கும் கருவி அந்த முகவரியை மாற்றி, பொது முகவரி ஒன்றைப் போட்டு அனுப்பட்டும் என்பதுதான் அது. சுருக்கமாக ‘நேட்’ என்கிறார்கள். அப்படி உள்ளூரில் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகளுக்கென்று மூன்று தொகுதிகள் 1996 பிப்ரவரியில் உறுதியாக ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்குபவை ஒன்று, 172.16 முதல் 172.31 வரை ஒன்று, 192.168 என்று தொடங்குபவை மற்றொன்று. இவற்றை யார் வேண்டுமானாலும், யாரிடமும் கேட்காமல், தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கான வீடுகளில் மோடத்தின் முகவரி ஒரே மாதிரி 192.168.1.1 என்று இருந்தும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது இதனால்தான். அந்த எண் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை.

இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் நினைத்தார்கள். உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. தற்காலிக ஏற்பாடோ இன்றும் ஒவ்வொரு வீட்டு மோடத்துக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது ஓடும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வீட்டில் 192.168.1.5 என்ற முகவரியில் ஒரு லேப்டாப். அதில் ஒருவர் செய்தித்தளம் ஒன்றைத் திறக்கிறார். லேப்டாப் அந்தக் கோரிக்கைக்குத் தன் பக்கத்தில் 51000 என்று ஒரு போர்ட் எண் போட்டு, வாசலில் இருக்கும் அந்தக் கருவியான ரவுட்டரிடம் தருகிறது. ரவுட்டர் அனுப்புநர் முகவரியை அழித்து, வெளியுலகுக்கான முகவரி, உதாரணமாக 203.0.113.7, என்று எழுதுகிறது. போர்ட் எண்ணையும் 40001 என்று மாற்றுகிறது. மாற்றியதைத் தன் அட்டவணையில் ஒரு வரியாகக் குறித்துவைக்கிறது: 40001 என்றால் 192.168.1.5-இன் 51000. அதே நொடியில் பக்கத்து அறைக் கணினியும், 192.168.1.6, அதே தளத்தை, அதே 51000 என்ற எண்ணோடு கேட்டாலும் குழப்பமில்லை. அதற்கு 40002 கிடைக்கும். பதில்கள் இரண்டும் ஒரே முகவரிக்குத்தான் வருகின்றன. ரவுட்டர் போர்ட் எண்ணைப் பார்த்து, அட்டவணையைப் புரட்டி, உரிய கணினிக்குத் திருப்பிவிடுகிறது. செய்தித்தளத்தைப் பொறுத்தவரை அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினிதான். போர்ட் எண்கள் 65,535 வரை உண்டு என்பதால் ஒரு குடும்பத்துக்கு அது போதாமல் போவதில்லை.

இந்த அட்டவணைக்கு ஒரு பக்க விளைவு உண்டு. உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஏதாவது வந்தால், அதற்குரிய வரி அட்டவணையில் இருக்காது. ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிடும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அல்ல என்றாலும் கணினிகளுக்கு அது ஒரு மறைப்பாக அமைந்துவிட்டது. அதே காரணத்தால், வீட்டு வாசலில் பொருத்திய சிசிடிவியை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்கவும் முடியாது. குறிப்பிட்ட போர்ட்டுக்கு வருவதைக் குறிப்பிட்ட கருவிக்கு அனுப்பு என்று ரவுட்டரில் நிரந்தரமாக எழுதிவைக்க வேண்டும், அல்லது கேமரா நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிவர வேண்டும்.

பிரவுசிங் சென்டரிலிருந்து வரவேற்பறைக்கு

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் மூலம் வந்தது. அன்றைக்கு இணைப்பு என்றால் தொலைபேசிக் கம்பியில் டயல் செய்வது. ஒரு தொலைபேசி, ஒரு மோடம், ஒரு கணினி. பகிர்வதை இங்கே பரவலாக்கியவை பிரவுசிங் சென்டர்கள்தான். 56 கேபிபிஎஸ் மோடம் ஒன்றை ஒரு கணினியில் மாட்டி, நியூசிலாந்து நிறுவனம் ஒன்று 1995-இல் வெளியிட்ட வின்கேட் போன்ற மென்பொருளை அதில் ஏற்றி, மற்ற கணினிகளைக் கேபிளால் அதோடு சேர்த்துவிடுவார்கள். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இந்த வசதியை உள்ளேயே வைத்துக் கொடுத்தது. அதன் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மோடம் மாட்டிய கணினியை அணைத்தால் மொத்த வீட்டுக்கும் நெட் போய்விடும்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் சேவை தொடங்கியபோது 256 கேபிபிஎஸ் வேகமே பிராட்பேண்ட் எனப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை அப்படித்தான் வரையறுத்திருந்தது. அந்தக் காலத்து ஏடிஎஸ்எல் மோடங்கள் பலவற்றை நிறுவ வந்தவர்கள் ‘பிரிட்ஜ்’ முறையில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த முறையில் மோடம் வெறும் குழாய்தான். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத் தொடர்பு ஏற்படுத்துவது கணினி. எந்தக் கணினி தொடர்பு ஏற்படுத்தியதோ அதற்கு மட்டும் நெட் வரும். அதே மோடத்தில் ‘ரவுட்டர்’ முறைக்கு மாற்றி, பயனர் பெயரை அதற்குள்ளேயே பதிந்துவிட்டால் மோடமே தொடர்பை ஏற்படுத்தி, நேட் வேலையையும் பார்த்து, எல்லாக் கணினிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, இருப்பதில் ஒரு அமைப்பை மாற்றினால் போதும் என்பது பலருக்குத் தெரியாமலேயே இருந்தது.

இப்போது வரும் ஃபைபர் இணைப்புகளில் அந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. சுவரில் மாட்டும் ஓஎன்டி என்ற பெட்டியே ஒளியை மின்குறிகளாக மாற்றுகிறது. ரவுட்டராகவும் வைஃபை நிலையமாகவும் அதுவே இருக்கிறது. பகிர்வு தெருவிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பரவலாக இருக்கும் ஜிபான் தொழில்நுட்பத்தில் விநாடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் திறனுள்ள ஒரு ஃபைபர், வழியில் பிரிப்பான்களில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. அந்தப் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. அதனால் தெருவில் கரண்ட் போனாலும், வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இருந்தால் பெரும்பாலும் நெட் நிற்காது.

வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பதும் ரவுட்டர்தான். புதிதாக ஒரு லேப்டாப் சேரும்போது அது, யாரிடம் கேட்பது என்று தெரியாமலே, சத்தம் போட்டு முகவரி கேட்கிறது. ரவுட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்ற சேவை, காலியாக உள்ள ஒரு எண்ணை இவ்வளவு நேரத்துக்கு என்று கெடு வைத்துக் கொடுக்கிறது. யாரும் பதில் தராவிட்டால் விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். ‘கனெக்ட் ஆகியிருக்கு, ஆனா நெட் வரல’ என்று சொல்லப்படும் கணினியில் இந்த எண் தெரிந்தால் நிறுவனத்துக்கு போன் செய்து பயனில்லை. கோளாறு அந்தக் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான்.

கம்பி

இடம் மாறாத கணினிக்குக் கேபிளைவிட நல்லது எதுவும் இன்னும் வரவில்லை. மேசைக் கணினி, டிவி, கேம் விளையாடும் பெட்டி மூன்றையும் கேபிளில் போட்டுவிட்டால் வைஃபைக்குப் பாதி பாரம் குறைந்துவிடும். ஈதர்நெட் கேபிள் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர் வரை போகலாம். எந்த வீட்டுக்கும் அது தாராளம். ரவுட்டரில் இருக்கும் நான்கு துளைகள் போதாவிட்டால் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் ஸ்விட்ச் ஒன்றை மாட்டினால் துளைகள் பெருகும். ஸ்விட்சுக்கு எந்த அமைப்பும் செய்ய வேண்டாம், மின்சாரம் கொடுத்தால் போதும்.

கேபிளில் வரும் ஒரு கோளாறு மட்டும் விசேஷமானது. கேபிளுக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். எலி கடித்தோ, முனையில் கிளிப்பை ஒழுங்காகக் கிரிம்ப் செய்யாமலோ, 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரே ஒரு இழை விட்டுப்போனால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோவதில்லை. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்ட வீட்டில், கேபிளில் இருக்கும் கணினி மட்டும் எப்போது சோதித்தாலும் 94, 95 என்றே காட்டினால் காரணம் இதுதான், அல்லது இடையில் 100 எம்பிபிஎஸ் துளைகள் மட்டுமே உள்ள பழைய ரவுட்டரோ ஸ்விட்சோ இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் கேபிளை மாற்றிப் பார்க்கலாம், பிளானை மாற்ற வேண்டாம்.

காற்று

வைஃபைக்கான முதல் தரநிலை 1997-இல் வந்தபோது அதன் உச்ச வேகம் 2 எம்பிபிஎஸ். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் அறிவித்த பிறகே வீட்டு வைஃபைக்கு இங்கே வழி திறந்தது. இன்றைய பெட்டிகள் நூற்றுக்கணக்கான எம்பிபிஎஸ் என்று அட்டையில் எழுதிக்கொண்டு வருகின்றன. அந்த எண்ணை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம்.

காரணம் எளியது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காதைத் தீட்டிக்கொண்டு, காற்று அமைதியானதும் தம் முறைக்கு முயல வேண்டும். ஆகவே வைஃபையில் உண்மையில் பங்கு போடப்படுவது நேரம். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் புது லேப்டாப் ஒரு கோப்பைக் கண் இமைக்கும் நேரத்தில் வாங்கிவிடும். கடைசிப் படுக்கையறையில், இரண்டு சுவர் தாண்டி, சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் பழைய போன் அதே கோப்பை வாங்கப் பல மடங்கு நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் காற்று அதன் வசம். தூரத்தில் இருக்கும் ஒரு மெதுவான கருவி, கிட்டத்தில் இருக்கும் எல்லாவற்றையும் மெதுவாக்குவது இப்படித்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. இந்தியாவில் 13 சேனல்கள் கிடைத்தாலும் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறியே இருக்கின்றன. உரசாமல் ஒன்றுக்கொன்று விலகியிருப்பவை 1, 6, 11 மூன்று மட்டுமே. அடுக்குமாடிக் குடியிருப்பில் போனை எடுத்து வைஃபை பட்டியலைப் பார்த்தால் பத்துப் பதினைந்து பெயர்கள் வரும். அத்தனை வீடுகளும் அந்த மூன்று சேனல்களுக்குள்தான் முண்டியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும், கான்கிரீட் என்றால் இன்னும் மோசம். ரவுட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5, அதற்கு அப்பால் 2.4 என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கருவியின் வயதும் கணக்கில் சேரும். ஒற்றை ஆன்டெனாவோடு 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் அறிந்த பழைய லேப்டாப், வழக்கமான சேனல் அகலத்தில், காகிதக் கணக்கிலேயே 72 எம்பிபிஎஸ்-தான் தொடும். கைக்கு வருவது 40, 50. வீட்டுக்கு 500 எம்பிபிஎஸ் வந்தாலும் அதற்கு மேல் அதால் வாங்க முடியாது.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதை பெரும்பாலும் கேபிள் எந்த ஜன்னல் வழியாக நுழைந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. அது தவறு. நுழையும் இடத்தில் பெட்டியை மாட்டிவிட்டு, டிவிக்குப் பின்னாலோ பீரோவுக்கு மேலோ ஒளித்துவைத்தால் அலையில் பாதி தெருவுக்குப் போகும், மீதி இரும்பில் முட்டும். நிறுவ வந்தவரிடம் இன்னும் சில மீட்டர் ஃபைபர் விட்டு வீட்டின் நடுவில், தலைமட்டத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைக்கச் சொல்வதற்குப் பெரிதாகச் செலவாகாது.

இரண்டாவது ரவுட்டர்

மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்றால் கடைக்காரர் முதலில் நீட்டுவது ரிப்பீட்டர். விலை குறைவு, பிளக்கில் செருகினால் சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்கிறது. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கோடு நான்கு காட்டும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் மெஷ் பெட்டிகள் பரவாயில்லை, விலைதான் கொஞ்சம் கடிக்கும். எல்லாவற்றையும்விடச் சிறந்தது, மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அதன் முனையில் இன்னொரு ரவுட்டரை வைப்பது. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே இதற்குப் போதும்.

அதை மாட்டும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரவுட்டரில் ‘வேன்’ என்று குறித்த துளை தனி நிறத்தில் இருக்கும்; வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு உரியது அது. கீழிருந்து வரும் கேபிளை அதில் செருகினால் நெட் வரும். எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் மாடிக்கென்று தனியாக ஒரு நேட், தனியாக ஒரு முகவரி வரிசை உருவாகிவிட்டது. மாடி லேப்டாப்புக்குக் கீழே உள்ள வைஃபை பிரிண்டர் பட்டியலிலேயே வராது. போனில் ஓடும் படத்தைக் கீழே உள்ள டிவிக்கு அனுப்ப முடியாது. சில ஆன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடிக்கும்.

சரியான வழி வேறு. இரண்டாவது ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியோடு இணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்பது போல, முதல் ரவுட்டரின் வரிசையில், வேறு யாருக்கும் போகாத எண்ணாக மாற்ற வேண்டும். அதில் டிஹெச்சிபியை அணைத்துவிட வேண்டும். ஒரு வீட்டில் முகவரி கொடுக்கும் அதிகாரி ஒருவர்தான் இருக்க வேண்டும், இருவர் கொடுத்தால் ஒரே எண் இரண்டு பேருக்குப் போகும். பிறகு கீழிருந்து வரும் கேபிளை வேன் துளையை விட்டுவிட்டு, சாதாரண லேன் துளை ஒன்றில் செருக வேண்டும். இப்போது அது ரவுட்டர் அல்ல, வைஃபை வசதியுள்ள ஸ்விட்ச். புதிய பெட்டிகளில் இத்தனையையும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற ஒரே தேர்வு செய்து முடித்துவிடும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கீழே உள்ளதைப் போலவே வைத்தால் போன் மாடிப்படி ஏறும்போது தானாக மாறிக்கொள்ளும்.

இப்படி எல்லாம் ஒரே வலையில் வந்துவிட்டால், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு மாற்றுவதும் பிரிண்ட் எடுப்பதும் வீட்டுக்குள்ளேயே முடிகிற விஷயம். மாத டேட்டா அளவில் அதற்கு ஒரு எம்பிகூடக் கழியாது. நெட் அறுந்திருக்கும் நாளிலும் அது நடக்கும்.

யாருக்கு எவ்வளவு வேகம்

முதலில் ஒரு அலகுக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நிறுவனம் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகாபிட். கணினி கோப்பை அளப்பது பைட்டில். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது விநாடிக்கு 12.5 எம்பி. 4 ஜிபி படம் ஒன்று இறங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவது நியாயமான வேகமே, யாரும் ஏமாற்றவில்லை.

சாதாரண வீட்டின் தேவை நினைப்பதைவிடக் குறைவு. எச்டி தரத்தில் படம் பார்க்க 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 முதல் 25 வரை, வீடியோ அழைப்புக்கு 2 முதல் 4. இரண்டு டிவியில் 4கே, மூன்று பேர் வீடியோ அழைப்பில் என்றாலும் கூட்டிப் பார்த்தால் 60, 62-ஐத் தாண்டாது. அப்படியிருந்தும் 100 எம்பிபிஎஸ் வீட்டில் ‘நெட் ஸ்லோ’ என்ற புலம்பல் கேட்கிறது என்றால், பிளானைப் பெரிதாக்கும் முன் வேறு இடத்தில் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

இணையத்தில் வேகத்தைப் பங்கிடுவதற்கென்று ஒரு மேலாளர் கிடையாது. 1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சில நூறு கஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு, விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லாக் கணினிகளும் நெரிசலைப் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்ப அனுப்பியதன் விளைவு அது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், ஒவ்வொரு கணினியும் தானே நெரிசலை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-இல் வெளியிட்டார். இன்றும் அதன் வழிவந்த முறைகள்தான் ஓடுகின்றன. தகவல் வழியில் தொலைந்தால் நெரிசல் என்று பொருள், உடனே குறை. தொலையாவிட்டால் மெல்ல ஏற்று. இதனால் ஒரு இணைப்பில் ஓடும் தொடர்புகள் தங்களுக்குள் ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

சமம் என்பது தொடர்புக்குத்தானே தவிர ஆளுக்கு அல்ல. அங்கேதான் வீட்டுச் சண்டை. பாடம் கேட்கும் மகளின் லேப்டாப் ஓரிரு தொடர்புகளை வைத்திருக்கும். அண்ணன் ஓடவிட்ட டோரன்ட் ஐம்பது தொடர்புகளைத் திறந்துவைத்திருக்கும். பங்கும் அந்த விகிதத்தில்தான் போகும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல், வரிசை. வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை, அதாவது அப்லோடு, பல பிளான்களில் உள்ளே வருவதைவிடக் குறுகலானது. ஏடிஎஸ்எல் காலத்தில் அது 1 எம்பிபிஎஸ்-ஐத் தொடுவதே அபூர்வம். அப்பாவின் போன் அன்றைக்குக் கல்யாணத்தில் எடுத்த முந்நூறு படங்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்ற ஆரம்பிக்கிறது. மோடம் அவற்றை எல்லாம் வாங்கித் தன் நினைவகத்தில் வரிசையாக அடுக்குகிறது. நினைவகம் மலிவாகிவிட்டதால் அந்த வரிசையும் நீளமானது. அந்நேரம் வீடியோ அழைப்பில் ஒருவர் பேசும் சின்னஞ்சிறு பொட்டலங்கள், சுங்கச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய பைக்குபோல, கடைசியில் நின்று நகர வேண்டும். தகவல் எதுவும் தொலையவில்லை, தாமதமாகிறது, அவ்வளவுதான். தொலையாததால் ஜேக்கப்சன் முறைக்கு நெரிசலே தெரிவதில்லை. போன் வேகத்தைக் குறைக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு ஊர் அறியச் செய்தார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் இதற்கென்று புது வரிசை முறை ஒன்றை உருவாக்கினார்கள்.

சோதிப்பது சுலபம். கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 8.8.8.8-க்கு பிங் அனுப்பிக்கொண்டே, இன்னொரு பக்கம் பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்ய வேண்டும். 10, 20 மில்லிவிநாடியாக இருந்த எண் 300, 500 என்று எகிறினால் நோய் இதுதான். ரவுட்டரில் ‘க்யூஓஎஸ்’ அல்லது ‘எஸ்க்யூஎம்’ என்ற பகுதி இருந்தால், உண்மையான வேகத்தில் சுமார் 90 விழுக்காட்டை உச்ச வரம்பாகக் கொடுக்க வேண்டும். அப்போது வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரில் சேரும். அழைப்புக்கு முன்னுரிமை கொடுக்க ரவுட்டருக்குத் தெரியும். பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்து நிம்மதியை வாங்கும் பேரம் இது. அந்தப் பகுதியே இல்லாத பெட்டி என்றால் படங்களை இரவில் ஏற்றும்படி மாற்றுவதுதான் வழி.

பூட்டு

பகிர்ந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி, அதாவது சந்தாதாரரின் பெயர். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவரின் இணைப்பிலிருந்து போயிருந்தது. பூட்டாத வைஃபையை யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள். விசாரணையில் மாட்டியவர் அவர். பக்கத்து வீட்டுக்குக் கடவுச்சொல் கொடுத்துச் செலவைப் பாதியாக்கிக்கொள்ள நினைப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். அப்படி வெளியாருக்குப் பகிர்வதைப் பல நிறுவனங்களின் ஒப்பந்தமே அனுமதிப்பதில்லை.

வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 பூட்டுதான் போட வேண்டும். டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. எட்டு இலக்க எண்ணைத் தட்டி இணையும் டபிள்யூபிஎஸ் வசதியிலும் 2011-இல் ஓட்டை தெரிந்தது. அதை அணைத்துவைப்பது நல்லது. இவற்றைவிட அதிகம் மறக்கப்படுவது ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. 2017 ஜூலை இறுதியில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான மோடங்கள் தீம்பொருள் தாக்கி முடங்கின. தொழிற்சாலையில் வைத்த ‘அட்மின், அட்மின்’ என்ற பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் இருந்ததே அதற்கு வழிவிட்டது. விருந்தினர் போன்களையும் மலிவான கேமரா, ஸ்மார்ட் பல்புகளையும் ‘கெஸ்ட்’ வைஃபையில் தனியாக விட்டால், அவற்றில் ஒன்று கெட்டுப்போனாலும் கணினிகளுக்கு எட்டாது.

வீட்டுக்கு வெளியே ஒரு நேட்

முகவரிப் பஞ்சம் முற்றியதில், இப்போது பல நிறுவனங்கள் வீட்டுக்குக்கூடத் தனிப் பொது முகவரி தருவதில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரியின் பின்னால் நிறுத்தி, தங்கள் பக்கத்திலேயே ஒரு பெரிய நேட் போட்டுவிடுகின்றன. அதற்கென்று 100.64 முதல் 100.127 வரை ஒரு தொகுதி 2012-இல் ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்று இந்த எல்லைக்குள் ஒரு எண் தெரிந்தால் வீடு இரட்டை நேட்டுக்குள் இருக்கிறது. படம் பார்க்கவும் படிக்கவும் அதனால் ஒன்றும் குறைவில்லை. ஆனால் சிசிடிவிக்காக ரவுட்டரில் எவ்வளவு கவனமாகப் போர்ட் திறந்துவைத்தாலும் பலிக்காது. அடுத்த வாசல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நிலையான முகவரி வேண்டும் என்று தனிக் கட்டணம் கட்டினால்தான் அது திறக்கும்.

128 பிட் நீளமுள்ள ஐபிவி6 முகவரியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் உலகில் வேறு யாருக்கும் இல்லாத சொந்த முகவரி கிடைக்கும். ஐபிவி6 பயன்பாட்டில் முன்னணியில் உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பல இணைப்புகளில் அது ஏற்கெனவே ஐபிவி4-க்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நேட் தந்த மறைப்பு அதில் இல்லை என்பதால், ரவுட்டரில் ஐபிவி6-க்கான ஃபயர்வால் இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவைக்க வேண்டும்.